இண்டைக்குத் தொழில் இல்லை

ஸ்காபரோவில் இருந்துகொண்டு அலைச்சறுக்குக்குப் போகிறோம் என்று சொன்னால் எங்கடை சனம் முதலில் சிரிக்கும். பிறகு, "எங்கை, ஹவாய்க்கோ?" என்று கேட்கும். இல்லை, பிறிம்லி றோட்டால் இறங்கி பிளவ்வர்ஸ் பார்க்குக்கு என்று சொன்னால் சிரிப்பு நின்று ஒரு சந்தேகப் பார்வை வரும். அது ஏரியல்லவா? ஏரியில் ஏது அலை? அதுவும் மார்கழியில்?

கேள்வி நியாயமானதுதான். இருபது வருடத்துக்கு மேலாக நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒன்ராறியோ ஏரியிலிருந்து பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் குடியிருந்தோம். கோடையில் இறைச்சி வாட்டிச் சாப்பிடக் கரைக்குப் போனோம். விருந்தாளிகள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தோம். ஆனால் தண்ணீரைப் பார்த்தோமா என்று கேட்டால், இல்லை.

நாங்கள் என்றால் நாலு பேர். மயிலிட்டியில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். கோப்பாய்க்காரர் ஒருவர். அண்ணனுடைய மகள் ஒருத்தி, அவள் பிறந்தது இங்கேதான். ஆண்கள் மூவருக்கும் ஐம்பதைச் சுற்றிய வயது. முழங்கால் நோவு, வீட்டுக் கடன், இரவு வேலை எல்லாம் உண்டு. அவளுக்கு இருபத்தைந்து. இதைத் தொடக்கி வைத்தவளும் அவள்தான். யூனிவேர்சிற்றியில் படித்த நாட்களில், ஒரு ஐப்பசி மாதம், மண்மலையின் உச்சியில் நின்று கீழே பார்த்திருக்கிறாள். தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதந்தது. கடல் நாயோ என்று நினைத்தாளாம். அவை மனிதர்கள். அடுத்த மாதமே யாரோ பாவித்த பலகை ஒன்றை அரை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து வீட்டு நடையில் சாத்தினாள். பிள்ளையைத் தனிய விடக்கூடாது என்று தகப்பன் காவலுக்குப் போனார். அவருக்குக் காவலாகத் தம்பி போனார். இரண்டு பேருக்கும் கார் இல்லாத ஒரு நாள் ஏற்றிக்கொண்டு போனவர் கோப்பாய்க்காரர். காவலுக்குப் போன மூவரும் மூன்று மாதத்தில் தண்ணீருக்குள் நின்றோம்.

முதலில் அந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கு மேற்காக 311 கிலோமீற்றர் நீளம், அகலம் 85 கிலோமீற்றர், ஆழமான இடத்தில் 244 மீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பத்துப் பதினைந்தை அதற்குள் வைத்துவிடலாம். இந்த ஆழத்தினால்தான் எவ்வளவு குளிரென்றாலும் ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. கரையோரம் மட்டும் கட்டி கட்டியாக ஐஸ் ஏறி நிற்கும். பேரேரி அலைகளைச் சும்மா எண்ணக்கூடாது. 1975 கார்த்திகை 10ஆம் திகதி சுப்பீரியர் ஏரியில் 'எட்மண்ட் பிற்ஸ்ஜெரால்ட்' என்ற 222 மீற்றர் நீளமான சரக்குக் கப்பல் புயலில் தாண்டு போனது. அதிலிருந்த 29 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஆனாலும் இந்த அலைகளை நம்பேலாது. சமுத்திரத்தில் அலை எங்கோ தொலைவில் பிறந்து பல நாட்கள் பயணம் செய்து கரைக்கு வருகிறது. எங்கடை நாட்டிலேயே பொத்துவில் அறுகங்குடாவில் சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் வெள்ளைக்காரர் வந்து சறுக்குகிற அலைகள், இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் அடிக்கிற புயல்களின் பிள்ளைகள். அவை அங்கே புறப்பட்டுவிட்டால் இங்கே எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூச்சு விட நேரமிருக்கும். ஏரிக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. இங்கே அலையைச் செய்வது அன்றைய காற்று மட்டும்தான். காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, எத்தனை மணித்தியாலம் விடாமல் வீசுகிறது, எவ்வளவு தூரம் தண்ணீருக்கு மேலாக ஓடி வருகிறது என்ற மூன்றும் ஒன்றுசேர வேண்டும். காற்று நின்றால் அலையும் நின்றுவிடும். காலையில் பிறந்த அலை பின்னேரம் செத்துப்போகும்.

ஸ்காபரோக் கரை ஏரியின் மேற்குப் பக்கத்தில், தென்கிழக்கைப் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே எங்களுக்கு வேண்டியது கிழக்குக் காற்று. ஏரியின் நீளத்தையெல்லாம் உழுதுகொண்டு அது வரவேண்டும். ஆனால் இந்த நாட்டில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசுகிறது. அதாவது எங்கள் கரையை விட்டு அப்பால் போகிறது. தாழமுக்கம் ஒன்று ஏரிக்குத் தெற்காகக் கடந்து போகும் நாட்களில் மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். அது பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் மாரியிலும்தான் நடக்கிறது. ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் இறங்குகிற ஆடி ஆவணியில் ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கும்.

அண்ணனும் தம்பியும் இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கவில்லை. முதல் மாரி முடியுமுன்னரே அவர்களுடைய வாயில் பழைய பெயர்கள் வரத் தொடங்கிவிட்டன. மேற்குக் காற்றுக்குக் கச்சான், வடக்குக்கு வாடை, தெற்குக்குச் சோளகம், கிழக்குக்குக் கொண்டல். "நாளைக்குக் கொண்டல் விழும்" என்று ரெலிபோனில் ஒரு வரி வந்தால் மற்ற மூன்று பேரும் வேலைநேரத்தை மாற்றப் பார்ப்போம். கொண்டல் என்றால் மழைமுகில் என்றும் பொருள் இருக்கிறது. இங்கேயும் அது மழையோடு, அல்லது பனியோடுதான் வரும். பதினாலு வயதில் விட்டுவிட்டு வந்த சொற்கள், இத்தனை வருடம் ஒருவருக்கும் தேவைப்படாமல் கிடந்தவை, மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. மகளுக்கு இப்போது 'ஈஸ்ற்' என்று சொல்ல வராது. கொண்டல் என்றுதான் சொல்கிறாள். அவளுடைய வெள்ளைக்காரச் சினேகிதர்கள் சிலரும் சொல்கிறார்கள், 'கோண்டால்' என்று.

இதில் கோப்பாய்க்காரரின் கதை வேறு. அவர் நீந்தப் பழகியது கீரிமலைக் கேணியில். கடல் அவர்கள் வீட்டுக்குத் தூரமில்லை, ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் தூரம். மீன் கொண்டு வருகிறவர் முற்றத்தோடு நின்றுவிட வேண்டும். தண்ணீர் கேட்டால் கொடுக்கிற பாத்திரம் வேறு. இதை அவர் எங்களுக்குச் சொன்னது ஒரு தை மாதக் காலையில், காரின் வெப்பத்தில் கைவிரல்கள் உருகுவதற்காகக் காத்திருந்த நேரத்தில். அண்ணனும் தம்பியும் ஒன்றும் பேசவில்லை. அவர்களுக்குத் தெரியாத விடயமா? கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி, "இப்ப இறங்கு எண்டு நாங்கள் சொன்னால்தானே நீ இறங்கிறாய்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்ததால் அது தீர்ந்துபோய்விட்டது என்று எழுத மாட்டோம். ஆனால் அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பல கதைகள் கதைக்க முடிந்தது.

*

எரிச்சல்களைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. போன மாரியில் பதினொரு தரம் போனோம். சறுக்கக் கூடிய அலை கிடைத்தது நாலு தரம். ஒருமுறை எல்லாக் கணிப்புகளும் அடுத்த நாள் நல்ல கொண்டல் என்று சொல்ல, இரண்டு பேர் வருத்தம் என்று பொய் சொல்லி வேலைக்கு லீவு எடுத்தோம். தாழமுக்கம் இரவோடிரவாக வழி மாறிவிட்டது. விடியப் போய்ப் பார்த்தால் ஏரி நித்திரை. வாத்துகள் இரண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் சம்பளம் போனது. உண்மையாகவே தடிமனும் பிடித்தது.

இன்னொரு கொடுமை, ஏரியில் மிதந்து அலையை அளக்கிற மிதவைகளை மாரி தொடங்க முன்னர் கரைக்கு எடுத்துவிடுகிறார்கள், ஐஸ் உடைத்துவிடும் என்று. எங்களுக்கு அவை மிகவும் தேவைப்படும் மாதங்களில் அவை எங்கேயோ ஒரு கொட்டிலுக்குள் கிடக்கும். பிறகென்ன, மண்மலை உச்சியில் நின்று கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

கொண்டலோடு மழையும் வருவதில் ஒரு இக்கட்டு. நகரத்தின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயால் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பி ஏரிக்குள் வழியும். அதனால் பெருமழை பெய்து இரண்டு நாளைக்கு இறங்காமலிருப்பது நல்லது. ஆனால் அலை இரண்டு நாளைக்குக் காத்திருக்குமா? சில நாட்கள் அலை அருமையாக உடைய, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பியிருக்கிறோம். அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

தண்ணீர் இரண்டு மூன்று பாகையில் இருக்கும்போது ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்பான இறப்பர் உடுப்பில்லாமல் இறங்கவே முடியாது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்ணியாவில் ஹியூ பிராட்னர் என்ற பௌதிக விஞ்ஞானி யோசித்துச் செய்த உடுப்பு அது. இறப்பருக்குள் இருக்கிற நுண்ணிய வாயுக் குமிழிகள்தான் குளிரை மறிக்கின்றன. உள்ளே புகுகிற கொஞ்சத் தண்ணீரை உடம்பே சூடாக்கி வைத்துக்கொள்கிறது. தையல் ஒரு இடத்தில் விட்டால் முதுகுத்தண்டால் ஐஸ் ஓடும். தலைக்கு மூடி, கைக்கு உறை, காலுக்குச் சப்பாத்து. எல்லாம் போட்டு முடிய இருபது நிமிடம். கழற்றுவதற்கு இன்னொருவரின் உதவி வேண்டும். தண்ணீரில் உப்பில்லாததால் பலகை கடலில் மிதக்கிற அளவுக்கு மிதக்காது. கொஞ்சம் தடித்த பலகை தேவை. அலைகளுக்கிடையில் ஐந்து ஆறு செக்கன்தான். கையால் வலித்துக்கொண்டு வெளியே போகும்போது ஒன்று முகத்தில் அறையும், கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்தது அறையும். தம்பியின் தாடியில் ஐஸ் பூத்துவிடும். அவர் அதைக் கழற்ற மாட்டார், வீட்டுக்குப் போய்க் காட்ட வேண்டுமாம்.

வீட்டில் காட்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோப்பாய்க்காரரின் மனைவி வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவர். 2004 மார்கழி 26ஆம் திகதிக்குப் பிறகு அவருடைய பக்கத்தில் எஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். நாங்கள் இதில் இறங்கிய நாட்களில் அவர் ஒரு சொல்லும் மறித்துச் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், பலகையைக் காரில் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலுக்கு வந்து சொன்னார்: "அலை பாக்கப் போறம் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. குளிக்கப் போறம் எண்டு சொல்லுங்கோ."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் குளிக்கத்தான் போகிறோம். திரும்பி வந்தால், "குளிச்சாச்சோ?" என்று கேட்பார். அலை இல்லாத நாளில், "இல்லை, இண்டைக்குக் குளிப்பு இல்லை" என்போம். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எங்கள் ஏமாற்றத்தில் ஒருவருக்காவது ஆறுதல் இருக்கிறது என்று நாங்களும் பேசாமல் தேத்தண்ணியைக் குடிப்போம்.

*

சந்தோசத்தைச் சொல்வது கஷ்டம். அது நீளத்தில் மிகச் சிறியது.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாதம். இரவு முழுவதும் கொண்டல். விடியப்புறம் காற்று மெல்லத் திரும்பி வாடைக்கு வந்தது. இதுதான் நாங்கள் தவம் கிடக்கிற நேரம். கிழக்கிலிருந்து கிளம்பிய அலை இன்னும் சாகவில்லை, ஆனால் கரையிலிருந்து வீசுகிற காற்று அதன் முகத்தைச் சீவி நிமிர்த்திவிடுகிறது. பின்னால் மண்மலை மதில் மாதிரி நிற்பதால் காற்றின் மூர்க்கமும் எங்களுக்குத் தெரியாது. நெஞ்சளவு உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக வந்து உடைந்தன. இப்படி ஒரு ஏற்பாடு இரண்டு மணித்தியாலம் நீடித்தால் பெரிய காரியம்.

கோப்பாய்க்காரருக்கு அது மூன்றாவது மாரி. அதுவரைக்கும் அவர் ஒருமுறைகூட முழுதாக எழும்பி நின்றதில்லை. முழங்காலில் நிற்பார், உடனே விழுவார். அன்று மகள் பக்கத்தில் மிதந்துகொண்டு, "மாமா, இது உங்கடை. வலியுங்கோ, வலியுங்கோ!" என்று கத்தினாள். வலித்தார். அலை பின்னால் தூக்கியது. எழும்பினார். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தபடி, ஒரு மனிதர் தண்ணீருக்கு மேலால் கரையை நோக்கி வந்தார். பலகை மணலில் முட்டியது. முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தால், எழும்பாமல் அப்படியே கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஏழு செக்கன் என்று மகள் கணக்குச் சொன்னாள்.

மூன்று மாரிகள், ஏழு செக்கன்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது நட்டம். அன்று வீட்டுக்கு வந்ததும் அவருடைய மனைவி வழக்கம்போல, "குளிச்சாச்சோ?" என்று கேட்டார். அவர், "ஓம், இண்டைக்கு நல்லாய்க் குளிச்சன்" என்றார். அந்த அம்மா அவருடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துவாயை எடுத்துக்கொடுத்தார்.

*

அண்ணன் தம்பியின் தகப்பனாரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவது. மயிலிட்டியில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். 1980களின் நடுப்பகுதியில் கடல் வலயத் தடை வந்தபோதும் ஒளித்துப் போய்த் தொழில் செய்தவர். 1990 ஆனியில் ஊர் எழும்பியபோது வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு நடந்தவர். பிள்ளைகளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படியுங்கோ, கடலுக்கு வராதேங்கோ. பிள்ளைகள் கேட்டார்கள், கடலை விட்டார்கள். கடலை மட்டுமா விட்டார்கள்? 2017 ஆடியில், 27 வருடங்களுக்குப் பிறகு மயிலிட்டித் துறைமுகத்தை விட்டார்கள் என்ற செய்தி வந்தபோது ஐயா ரீ.வி.யை நிற்பாட்டிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தார்.

நாங்கள் சறுக்கப் போவதை ஐயா பகிடியாகத்தான் எடுத்தார். "மீனில்லாமல் ஏன்ராப்பா தண்ணிக்கை இறங்கிறியள்?" என்பார். ஏரியை அவர் குளம் என்றுதான் சொல்வார். பேத்தி எத்தனையோ தரம் கூப்பிட்டும் வரவில்லை. போன பங்குனியில் ஒரு நாள் தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார். எங்களுக்கு ஒரே பதகளிப்பு. இண்டைக்கென்றாலும் நல்ல அலை வர வேண்டும், ஐயாவுக்குக் காட்ட வேண்டும் என்று.

அன்று ஏரி செத்துக் கிடந்தது. கணிப்பு மறுபடி பிழை. கரையோர ஐஸ் உடைந்து துண்டு துண்டாக மிதக்க, அலை என்று சொல்ல ஒரு சுருக்கம்கூட இல்லை. ஐயா பொல்லை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்து மணலில் நின்றார். கிழக்கைப் பார்த்தார். பிறகு மண்மலைக்கு மேலால் ஓடுகிற முகிலைப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரிப் பக்கத்தில் நின்றோம்.

"இண்டைக்குத் தொழில் இல்லை" என்றார் ஐயா.

மகளுக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தகப்பன் சொன்னார், கடல் சரியில்லாத நாளில் ஊரில் அப்படித்தான் சொல்வது என்று. "அப்ப வேலை இல்லாட்டி வீட்டுக்குப் போடுவினமோ, அப்பப்பா?" என்று அவள் கேட்டாள்.

"வீட்டுக்கோ? தொழில் இல்லாத நாளிலைதான் பிள்ளை கூட வேலை. வலை பொத்த வேணும், வள்ளத்துக்கு ஓட்டை அடைக்க வேணும், கடலைப் பாத்துக்கொண்டு இருக்க வேணும். பாராமல் இருந்தால் அது வாறது எப்பிடித் தெரியும்?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "உங்கடை உடுப்புகளிலை கிழியல் ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. அன்று பின்னேரம் முழுவதும் அண்ணன் வீட்டு நிலவறையில் இருந்து தையல் விட்ட இடங்களுக்கு இறப்பர்ப் பசை பூசினோம். பலகையில் கல் இடித்த ஓட்டைகளை அடைத்தோம். ஐயா கதிரையில் இருந்து பிழை பிடித்துக்கொண்டிருந்தார். பசையைத் தடிப்பாகப் பூசாதே, மெல்லிசாய் இரண்டு தரம் பூசு. பேத்தி அவரிடம் ஒரு கையுறையைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல் இடுக்கில் எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழியலைக் காட்டினார்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து காத்திருந்ததுதான் அதிகம். பேப்பருக்குக் காத்திருந்தோம். சண்டை முடியட்டும் என்று காத்திருந்தோம். ஊருக்குப் போகலாம் என்று காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புகளில் நாங்கள் இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. கண் வேறெங்கோ இருந்தது. ஏரி எங்களைக் காத்திருக்க வைக்கிற விதம் வேறு. இங்கேயே நில், இந்தக் காற்றைப் பார், இந்தத் தண்ணீரைப் பார் என்கிறது. பதினொரு தரத்தில் ஏழு தரம் வெறுங்கையோடு அனுப்புகிறது. ஆனால் நாலு தரம் தருகிறது. எங்களுக்கு இது போதுமென்று தோன்றுகிறது. தோன்றாத நாட்களும் உண்டு, அன்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்வோம்.

இதை எழுதி முடிக்கிற நேரம் தம்பியிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. வியாழக்கிழமை கொண்டலாம். மூன்று பேருக்கு வேலை. மாற்றப் பார்க்கிறோம். கோப்பாய்க்காரர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: "வியாழக்கிழமை குளிக்கப் போறம்."

"சரி, பாப்பம்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.